கார்ட்போர்டு விரிச்சு பாத்தி போடுறது நம்ம ஊரு மண்ணுக்கு சரிப்படுமா?

கொல்லப்பக்கம்_சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கறது மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். முன்ன பால்மரக் காடா, அதான் ரப்பர் தோட்டமா இருந்து, அப்புறம் எண்ண எடுக்கற செம்பனை போட்டு, அதுலயும் ஒரு துண்ட பிரிச்சு தாமான், அதான் குடியிருப்பு கட்டுனாங்க, அதுல கோர்னர் லாட்டு வீடு. பக்கவாட்டுல 10 அடிக்கு 25 அடி நெலம் சும்மா கெடக்குது. முக்காவாசி மாட்டுப்புல்லுதான், அந்த அகல எல புல்லு, ஆனா வேலி ஓரமா லாலாங்ங்கற முரட்டுப் புல்லு எறங்கிடுச்சு. சங்கூல், அதான் மம்பட்டி புடிச்சு கொத்தலாம்னா எனக்கு முதுகு ஒத்துக்காது, வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேல, லீவு நாள்னா மனுஷன் எந்திரிக்கறதே மத்தியானம்தான்.

பக்கத்து வீட்டு அங்கிள் புல்லு மருந்து அடிச்சுவிடு ரெண்டு வாரத்துல சுத்தமாயிடும்னாரு. அம்மா கேக்கவே மாட்டேன்னுட்டாங்க. அவங்க தோட்டத்துல தொட்டிய முதுகுல மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா மருந்து அடிச்சவங்க, அந்தக் காலத்துல கிளவுஸும் கெடையாது ஒண்ணும் கெடையாது, கை நகமெல்லாம் வெளுத்து கழண்டு விழுந்திருக்கு. “நான் சுவாசிச்சது போதும், பேரப்புள்ள திங்கற கீரைக்கும் அதையா ஊத்தப் போற”ன்னு ஒரே சத்தம். அதுக்கு மேல நான் வாயத் தெறக்கல.

இப்ப யூடியூப்ல பாத்தா வெள்ளக்காரங்க புல்லு மேலயே அட்டப்பொட்டிய விரிச்சு, மேல கம்போஸ்ட் கொட்டி, கொத்தாமலே பாத்தி போடறாங்க. ஆனா அவங்க எல உதிர்ற சீசன்ல போட்டுட்டு பனி எல்லாம் முடிஞ்சு வசந்தத்துல நடறாங்க. நமக்கு ஏது பனி, வருஷம் பூரா வெயிலும் சாயங்கால மழையும்தான். இங்க எத்தன நாள் விடணும்? ஒடனே நடலாமா? எனக்கு பெரிய பயம் கரையான். வீட்டுப் பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் பலகைல போட்டது, கார்ட்போர்டப் போட்டு நானே அதுங்கள விருந்துக்கு கூப்பிட்ட கதையாயிடுமோன்னு இருக்கு. முனைல உள்ள மளிக கடைல பொட்டி நெறைய கெடைக்குது, கேட்டா சும்மாவே குடுக்கறாங்க. செஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பயித்தங்கா_அக்கா:

தங்கச்சி, தாராளமா செய்யலாம், எங்க வீட்டு ரெண்டு பாத்தியும் அப்படி வந்ததுதான். மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ, அட்ட வந்து உரம் இல்ல, வெளிச்சத்த மறைக்கத்தான் போடறோம். வெளிச்சம் இல்லன்னா புல்லு வேருல சேத்து வச்சதத் தின்னு தின்னு கடைசில செத்துப் போவும், அது அங்கயே மக்கி மண்ணாயிடும். மாட்டுப்புல்லுக்கு வேரு மேலாகத்தான் ஓடும், அதனால அது சீக்கிரமா அடங்கிடும். குளிர் ஊர்ல மாசக்கணக்கா காத்திருக்கறது அங்க மக்கறதுக்கு அவ்ளோ நேரம் ஆவுறதால. நம்ம சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஒரு மாசம் ஒன்ற மாசத்துல புல்லு வெளுத்து அழுகிடும், ரெண்டு மூணு மாசத்துல அட்டையே கையில எடுத்தா பிஞ்சு வரும்.

பொட்டி எடுக்கும்போதே பாத்து எடு. சாதா பழுப்பு பொட்டிதான் வேணும். பளபளன்னு கலர் அடிச்சது வேணாம், சில பழப்பொட்டி மெழுகு பூசி வரும் அதுவும் வேணாம், தண்ணி எறங்காது மக்கவும் மக்காது. டேப்ப முழுசா உரிச்சிடு, சோம்பேறித்தனம் பண்ணி விட்டுட்டேன்னா அட்ட போயிடும் டேப் மட்டும் வருஷக்கணக்கா மண்ணுல கெடந்து கையில சுத்தும். உரியலன்னா பொட்டிய தண்ணில ஊற வச்சா தானா கழண்டு வரும். ஸ்டேப்புள் பின்னு இருந்தா அதையும் புடுங்கு, பேரப்புள்ள வெறுங்கால்ல நடக்கற எடம்.

புல்ல ஒட்ட வெட்டிக்கோ, வெட்டுன புல்ல அள்ளாத அங்கயே கெடக்கட்டும். அதுமேல ஆட்டுப் புழுக்க இருந்தா தூவு. இன்னொன்னு, நம்ம செம்மண்ணு புளிப்பு மண்ணு, சுண்ணாம்புத் தூளு போடணும்னா இப்பயே தூவிடு, அப்புறம் மேல எல்லாம் போட்டுட்டா மண்ணுல கலக்க முடியாது. ஆனா சுண்ணாம்பையும் சாணி புழுக்கயையும் ஒரே நாள்ல ஒண்ணா போட்டுடாத, சத்து ஆவியா போயிடும், சுண்ணாம்ப மொதல்ல போட்டு ஒரு மழையாச்சும் எறங்கட்டும். அப்புறம் நல்லா தண்ணி ஊத்து, மண்ணு நனைஞ்சிருக்கணும். அட்ட விரிக்கும்போது ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஒரு ஜாண் ஏறி இருக்கணும், இங்கதான் எல்லாரும் கோட்ட விடறாங்க, ரெண்டு விரக்கட சந்து கெடைச்சா போதும் புல்லு அங்கருந்து தல நீட்டிடும். ரெண்டு அடுக்கு போட்டா நல்லது. ஒவ்வொரு அடுக்கையும் தொப்பலா நனைச்சிடு. காஞ்ச அட்ட மேல மண்ணக் கொட்டுனா தண்ணி கீழ எறங்காம வழிஞ்சு ஓடும், காத்தடிச்சா பறக்கும், தாமான் பூரா போயி பொறுக்கிட்டு வரணும்.

மேல நாலு விரக்கட கம்போஸ்ட் கலந்த மண்ணு, அதுக்கு மேல காஞ்ச புல்லு, சருகு எதுனாலும். அட்ட வெளிய தெரியவே கூடாது.

ஒடனே நடணும்னா நாத்தா நடு. அட்டைல கத்தியால குறுக்கும் நெடுக்குமா ஒரு கீறல் போட்டு, அந்த எடத்துப் புல்ல மட்டும் புடுங்கிட்டு கத்தரி, மொளகா, வெண்ட வச்சிடலாம். கீரையும் காங்கோங்கும் (தண்ணிக் கீர) மேல் மண்ணுலயே தூவலாம், அதுக்கு ஆழம் வேணாம். எனக்குப் புடிச்சது சக்கரவள்ளிக் கொடி, நுனிய வெட்டி நட்டா ஓடி எல்லாத்தையும் மூடிக்கும், அதுவும் நெழல் குடுத்து புல்ல அமுக்கும், கொழுந்த பொரியல் பண்ணலாம். கோழிச் சாணி பச்சையா போடாத, சூடு, நாத்து கருகும்.

ஓய்வு_மண்டோர்:

அக்கா சொன்னது மாட்டுப்புல்லுக்கு சரி. லாலாங்குக்கு இந்த வேல செல்லாது.

நான் தோட்டத்துல லாலாங்கோடவே காலத்த ஓட்டுனவன். அதோட கெழங்கு மண்ணுக்குள்ள வெள்ளையா கணுக்கணுவா படுத்துருக்கும், முனை ஊசி மாதிரி கூரா இருக்கும், அட்டையில்ல பிளாஸ்டிக் தாளையே குத்திக்கிட்டு வரும். நீ நனைச்சு மெதுவா ஆக்கி வச்ச அட்ட அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. கொத்தி எடுக்கறேன்னு துண்டு துண்டா வெட்டுனா ஒவ்வொரு கணுவுலயும் முளைக்கும். தோட்டத்துல இதுக்குன்னே தனி ஆள் போடுவாங்க, பொம்பளைங்க கையில துணிய சுத்திக்கிட்டு மருந்துல நனைச்சு ஒவ்வொரு தாளா தொடச்சுவிட்டுக்கிட்டே போவாங்க, லாலாங் தொடைக்கறதுன்னு பேரு. உங்க அம்மாகிட்ட கேளுங்க, அவங்களுக்குத் தெரியாம இருக்காது. அவங்க அடிச்ச மருந்து அனேகமா பாராகுவாட்டாத்தான் இருக்கும், நகம் போறது அதோட வேல. அத நம்ம நாட்டுல 2020 ஜனவரி 1லேந்து தட பண்ணிட்டாங்க. ரொம்ப லேட்டு, அது வேற கத.

மருந்தில்லாம லாலாங்க ஒழிக்கணும்னா அதுக்கு புடிக்காதது நெழல் ஒண்ணுதான். பால்மரம் சின்னதா இருக்கும்போது கொடிப்பயிர் வெதைப்போம், அது படர்ந்து மூடுச்சுன்னா லாலாங் தானா மெலிஞ்சுரும், மரம் வளந்து கெள கூடுச்சுன்னா சுத்தமா காணாமப் போயிடும். செம்பனைல முக்குனான்னு ஒரு கொடி போடறாங்களே அதுவும் இந்த வேலைக்குத்தான். ஆனா அத வீட்டுல வச்சுராதீங்க, ஒரு ராத்திரில எவ்ளோ தூரம் போவுதுன்னு பாத்தா பயந்துருவீங்க, வேலியத் தாண்டி பக்கத்து வீட்டு கார் மேல ஏறிடும்.

அதனால வேலி ஓரத்துல ஒரு மழ பேஞ்ச மறுநாள், மண்ணு எளகுவா இருக்கும்போது முள்ளுக்கரண்டிய விட்டு நெம்பி கெழங்க முழுசா உருவுங்க. அறுக்காதீங்க, உருவுங்க. பெரும்பாலும் ஒரு ஜாண் ஆழத்துக்குள்ளதான் கெடக்கும். கொஞ்சம் கொஞ்சமா செஞ்சா முதுகுக்கும் பாரம் இல்ல. எடுத்த கெழங்க குப்பைல போடாதீங்க, கழுவி கரும்போட கொதிக்க வச்சா சீனங்க விக்கற சூடு தணிக்கற தண்ணி அதுதான். லாலாங் பகுதிக்கும் பாத்திக்கும் நடுவுல ஒரு மொழம் ஆழத்துக்கு கூரைக்குப் போடற பழைய ஜிங் தகட்ட நிறுத்தி வச்சுட்டா வேலிக்கு அந்தப் பக்கத்துலேந்து திரும்ப நொழையாது.

கரையானுக்கு வருவோம். பயம் நியாயமானது. ஆனா எல்லா கரையானும் வீட்டத் திங்கற ஜாதி இல்ல. பெரும்பாலான ஜாதி சருகையும் செத்த கட்டையையும் தின்னுட்டு போற ஜாதி, மண்ணுக்கு நல்லதுதான் பண்ணுது. உங்க எடம் பழைய பால்மரக் காடுன்னு சொல்றீங்க, மண்ணுக்கு அடியில பழைய தூரு கெடந்தா அங்க ஏற்கெனவே கூடு இருக்கும், நீங்க அட்ட போட்டாலும் போடாட்டியும். அட்டைல இருக்கறதும் மரத்தோட அதே நார்தான், ஈரமா இருட்டா இருந்தா அதுங்க வரத்தான் செய்யும். கரையான் புடிக்கற கம்பெனிக்காரங்களே நெளி அட்டையத்தான் எர வைக்க வச்சுக்கறாங்க.

அப்ப என்ன பண்றது? பலகைச் சொவத்துலேந்து நாலஞ்சு அடியாச்சும் தள்ளி பாத்தி போடுங்க, நடுவுல கல்லு இல்லன்னா வெறும் மண்ணு. சொவத்து அடிப்பக்கத்த சருகு இல்லாம கண்ணுக்குத் தெரியற மாதிரி வச்சுக்கணும், பென்சில் தடிப்புல மண்ணு கோடு ஏறுதான்னு பாக்கணும். அந்த மண்ணுக் கோடு சொவத்துல ஏறுதுன்னா ஆளக் கூப்பிடுங்க, அதுல வெளையாட வேணாம். பாத்திக்குள்ள மட்டும்னா விட்டுடுங்க.

இன்னொரு விஷயம், பால்மரத்துக்கு வர்ற வெள்ளவேர் நோயி பழைய தூருல தங்கியிருக்கும், மரவள்ளிக்கும் அது தாவும். மரவள்ளி நட்டு ஒண்ணு ரெண்டு செடி காரணமில்லாம வாடுச்சுன்னா வேரப் புடுங்கிப் பாருங்க, வெள்ளையா நூலு நூலா ஒட்டிக்கிட்டு இருந்தா அதுதான். அந்த எடத்துல மரவள்ளி வேணாம், கீர வெதைங்க.

கேமரன்_ரிட்டர்ன்:

எல்லாரும் அட்டையத் தூக்கி வச்சு கொண்டாடறீங்க, நான் ஒரு எதிர்க் கருத்து சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. அமெரிக்காவுல வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டில லிண்டா சால்கர்-ஸ்காட்னு ஒரு தோட்டக்கலை நிபுணர் அம்மா இருக்காங்க, அவங்க அட்டையே வேணாம்னு ரொம்ப வருஷமா சொல்லிட்டு வர்றாங்க. மண்ணுக்குள்ள காத்து போய்வர்றத அட்ட தடுக்குது, தண்ணியும் சரியா எறங்காது, அதுக்கு பதிலா மரச்சீவல தடிமனா கொட்டுனாலே புல்லு சாவும்ங்கறது அவங்க கட்சி. எனக்கு அது சரின்னு படுது. வெளிச்சத்த மறைக்கணும் அவ்ளோதானே, ஒரு மொழம் ஒசரத்துக்கு சருகும் மரச்சீவலும் கொட்டுனா அதுவே மறைச்சிடும். மரம் வெட்டற லாரிக்காரங்க சீவல கொட்ட எடம் தேடிக்கிட்டு திரியறாங்க, பேசிப் பாருங்க. மேல போட்டு வச்சா போதும், மண்ணோட மட்டும் கலந்துடாதீங்க, கலந்தா மண்ணுல உள்ள நைட்ரஜன மக்கறதுக்கு இழுத்துக்கும், செடி மஞ்சளாயிடும்.

பயித்தங்கா_அக்கா:

தம்பி சொல்றது படிச்சவங்க சொல்றது, நான் மறுக்கல. ஆனா ஒரு மொழத்துக்கு சீவல் 250 சதுர அடிக்கு எங்கேந்து கொண்டாந்து கொட்டறது, அந்தப் புள்ளைக்கு முதுகு வலின்னு மொதல் வரிலயே சொல்லியிருக்கு 😄 அட்ட போட்டா மேல போடற சாமான் பாதியாவுது, அதான் அதோட லாபம். காத்து விஷயமும் இங்க அவ்ளோ பெருசா இல்ல, நம்ம ஊர்ல அது முழுசா இருக்கறதே ரெண்டு மாசம். அதுக்குள்ள மண்புழு பூந்து ஓட்ட போட்டுடும். ஆனா ஒண்ணு, அட்ட மேல அட்டையா அஞ்சாறு அடுக்கு போடறவங்கள நானும் பாத்திருக்கேன், அது தேவையே இல்லாத வேல, அடியில தண்ணி தேங்கி மண்ணு நாத்தமெடுக்கும்.

கொல்லப்பக்கம்_சிப்புட்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அம்மாகிட்ட மண்டோர் ஐயா எழுதுனத படிச்சுக் காட்டுனேன். லாலாங் தொடைக்கறதுன்னு சொன்னதும் சிரிச்சிட்டாங்க, “நான் தொடைக்காத லாலாங்கா”ன்னு, அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அவங்களே முள்ளுக்கரண்டிய எடுத்துக்கிட்டு வேலிப் பக்கம் போயிட்டாங்க. இப்ப லாலாங் டிபார்ட்மெண்ட் அவங்களுது, நான் கிட்ட போகக் கூடாதாம்.

ரெண்டு கேள்வி பாக்கி. ஒண்ணு, தம்பி முறைல ஒருத்தரு செம்பனை மில்லுல இருக்காரு, பழம் உதுத்த வெறுங்குலைய மூட்டைல கொண்டாந்து தர்றேங்கறாரு, அட்ட மேல அதப் போடலாமா? ரெண்டு, நத்தை. ராத்திரி டார்ச் அடிச்சு பாத்தா உள்ளங்கை அளவு நத்தைங்க சொவத்துல ஏறுது. அட்ட போட்டா அதுங்களுக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிடாதா?

ஓய்வு_மண்டோர்:

வெறுங்குல நல்ல சாமான்மா. மில்லுல 1 டன் குல போச்சுன்னா 200 கிலோவுக்கு மேல வெறுங்குலையாவே திரும்பி வரும், முன்ன அத எரிச்சு சாம்பலாக்குவாங்க, இப்ப லாரில ஏத்தி காட்டுலயே பரப்பறாங்க. சாம்பல் சத்து, அதான் பொட்டாசியம், அதுல நெறைய. தண்ணியப் புடிச்சு வச்சுக்கும்.

ஆனா குமிச்சு வைக்கக் கூடாது. ஒரே அடுக்கு, பிச்சுப் பிச்சு பரப்பணும். குமிச்சு அழுக விட்டா கொம்பு வண்டு வந்து முட்ட வைக்கும், கட்டவிரல் தடிப்புல வெள்ளப் புழு உள்ள உருளும், அது வண்டாகி பக்கத்துல இருக்கற தென்ன, செம்பனைக் குருத்துக்குள்ள பூந்துரும். தோட்டத்துல இத ரொம்ப கண்டிப்பா பாப்போம். புது குலைல எண்ண வாசத்துக்கு எலி வரும், எலி வந்தா பின்னாலயே நாகம் வரும், செம்பனைக் காட்டுல இருந்தவங்களுக்கு இத சொல்லத் தேவையில்ல. மூட்டைய கொட்டறதுக்கு முன்ன ஒரு குச்சியால தட்டுங்க, கைய விட்டு அள்ளாதீங்க. பூரான் இருக்கும்.

பயித்தங்கா_அக்கா:

நத்தைக்கு: ஆமா வரும். ஈரம், இருட்டு, அதுங்களுக்கு வேற என்ன வேணும். நாத்து சின்னதா இருக்கற மொதல் ரெண்டு மூணு வாரம்தான் கண்டம், அதுக்கப்புறம் தண்டு முத்திடும். அந்த சமயத்துல மட்டும் நாத்தச் சுத்தி சருக தள்ளி வெறும் மண்ணா விட்டுடு, பெரிய மினரல் வாட்டர் பாட்டில் அடிய வெட்டிட்டு நாத்து மேல கவுத்து வச்சா போதும், மூடிய தெறந்து வை இல்லன்னா வெந்துடும். பாத்தி ஓரமா ஒரு பலகத் துண்ட போட்டு வை, பகல்ல எல்லாம் அதுக்கு அடியிலதான் போயி ஒட்டிக்கிட்டு இருக்கும், காலைல திருப்பிப் போட்டு பொறுக்கி உப்புத் தண்ணி வாளில போட்டுடு. உப்ப பாத்திலயே தூவுறாங்க சில பேரு, வேணாம், செடிக்கு ஆவாது. நத்த மருந்து உருண்டையும் நாய் பூன இருக்கற வீட்டுல வேணாம்.

வெறுங்கையால மட்டும் தொடாத தங்கச்சி. அந்த பெரிய ஆப்பிரிக்க நத்தைல எலி வழியா வர்ற ஒரு புழு இருக்கு, மனுசனுக்கு மூள வரைக்கும் போவும். கிளவுஸ் போடு, கீரைய ஓடற தண்ணில ஒவ்வொரு எலையா கழுவு, பச்சையா திங்கற சாலட்டு கொஞ்ச நாளைக்கு வேணாம்.

கேமரன்_ரிட்டர்ன்:

வெறுங்குல சும்மா கெடைக்குதுன்னா அக்கா ஜெயிச்சுட்டாங்க, நான் வாபஸ் 😅 ஒரே ஒரு விஷயம், நெலம் சரிவா இருந்தா அட்டைய மேட்டுப் பக்கத்துலேந்து விரிக்காதீங்க. பள்ளத்துலேந்து ஆரம்பிச்சு மேல மேல ஏத்திக்கிட்டே போங்க, கூரைக்கு ஓடு அடுக்கற வரிசைல. இல்லன்னா சாயங்காலம் கொட்டற மழைல தண்ணி சந்துக்குள்ள பூந்து அட்டைய அப்படியே லோங்காங், அதான் சாக்கடைக் கால்வா வரைக்கும் இழுத்துட்டுப் போவும். ஓரத்துல செம்பனை மட்டைய பாரமா வைக்கலாம், முள்ளு பக்கத்த வெட்டிட்டு வைங்க.

கொல்லப்பக்கம்_சிப்புட்:

சரிவு இருக்கு அண்ணே, ரோட்டுப் பக்கம் எறக்கம். நல்ல வேள சொன்னீங்க. மொதல்ல சொவத்துலேந்து தள்ளி பாதி எடம் மட்டும் போடறேன், கடைக்காரர்கிட்ட சமையல் எண்ணப் பொட்டி, பிஸ்கட் பொட்டி எடுத்து வைக்கச் சொல்லியாச்சு. அந்த சூராட் காபார் லாமா, அதான் பழைய பேப்பர் வாங்கற லாரிக்காரருக்குத்தான் முகம் சுருங்கிப் போச்சு, அவரு கிலோ கணக்குல வாங்கிட்டுப் போற சாமானாச்சே. எண்ண வழிஞ்சு கற புடிச்ச பொட்டி போடலாமா, இல்ல ஒதுக்கிடணுமா?

பயித்தங்கா_அக்கா:

எண்ண கற ஒதுக்கிடு. தண்ணி அந்த எடத்துல எறங்காது, எறும்பும் எலியும் வேற வரும். பிஸ்கட் பொட்டி நல்லது, உள்ள பிளாஸ்டிக் தாளு ஒட்டியிருந்தா கிழிச்சிடு.